பிளாஸ்டிக் துவக்கும் தொங்கல் காம்பராவும்

மரியாயியின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதை அரசாங்கம் ஒரு துப்பாக்கிக்காகத்தான் ஒப்புக்கொண்டது.

அதற்கு முன்பு அவள் சொல்லாத இடமில்லை. ஸ்ட்ராத்வில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள். பெரிய துரையிடம் சொன்னாள். சங்கத் தலைவரிடம் சொன்னாள். தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட்டுக்கொண்டு லயத்துக்குள் நுழைந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒருவர்கூட முடியாது என்று சொன்னதில்லை. பார்ப்போம் என்றார்கள். குருவிட்டப் பக்கத்து மழைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் கிடையாது. அது வந்துகொண்டே இருந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. தொங்கல் காம்பரா என்பார்கள். பின்புறம் மலைச்சரிவு, பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் கான். மழைத்தண்ணீர் கூரை வழியாகவும் வரும், சுவர் வழியாகவும் வரும், சில நாள் தரையிலிருந்தும் ஊறி வரும். ரப்பர் தொழிற்சாலைப் புகை அறையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன அவள் புருஷன் லோரன்ஸ், அறையில் நனையாத ஒரே மூலையில் கட்டிலைப் போட்டு இருமிக்கொண்டிருப்பான். மகள் சரோன் இரத்தினபுரியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்தால் தனக்கும் இருமல் வந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. மரியாயிதான் வராதே என்று சொல்லியிருந்தாள்.

வைகாசி மழையில் ஒருநாள் வெள்ளை ஜீப் ஒன்று லயத்து வாசலில் வந்து நின்றது. மழை நாளென்றால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு கிடையாது. மரியாயி வீட்டில்தான் இருந்தாள். கூரைத் தகடு விஷயமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவசரமாகக் கொண்டையை முடிந்துகொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள்.

இறங்கியவர் தேசியச் சுடுகலன் நீடித்துழைப்பு ஆய்வுச் சபையின் பணிப்பாளர் நாயகம் விதானபத்திரண. கூடவே பிரதாப் என்ற இளைஞன், மொழிபெயர்ப்புக்கும் மற்ற எல்லா வேலைக்கும் உரிய உத்தியோகத்தன். பணிப்பாளர் நாயகம் உள்ளே வந்து, அறையின் நடுவில் நின்று, மேலே பார்த்தார். ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அடுத்த சொட்டை உள்ளங்கையில் ஏந்தி, இரத்தினபுரிக் கடைத்தெருவில் கல் பார்க்கிற முதலாளி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எவ்வளவு காலமா ஒழுகுது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“மக பொறந்ததிலேருந்து மாத்தயா. நானும் சொல்லாத ஆளில்ல.”

“நிக்கவே இல்லயா?”

“வெயிலடிச்சா நிக்கும். இங்க எங்க வெயிலடிக்குது?”

“அருமை,” என்றார் பணிப்பாளர் நாயகம். பிறகு பிரதாப் பக்கம் திரும்பி, மாவட்டம் முழுக்கத் தேடியது வீண்போகவில்லை என்றார்.

மரியாயிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

*

திறப்பு விழா ஒரு வாரத்துக்குள் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள். தொங்கல் காம்பராவில் ஒழுக்குக்கு நேர் கீழே சுவரில் ஒரு கம்பிக்கூட்டை அறைந்து, அதற்குள் ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கியை வைத்துப் பூட்டினார்கள். தோட்டா கிடையாது. சாவியைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு சிவப்பு உறை வைத்திருந்தார்கள்.

பணிப்பாளர் நாயகம் பேசினார். தோட்டத்துச் சனங்களுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். அவர் பேசியது எல்லோருக்கும் புரிந்தது. பிரதாப் அதைத் தமிழில் சொன்னபோதுதான் யாருக்கும் புரியவில்லை.

“பல்பகுதியச் சட்டகக் கைத்துப்பாக்கியின் நெடுங்கால நீடித்துழைப்பு…” என்று அவன் தொடங்க, லோரன்ஸ் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டான்:

“அது என்னா தம்பி?”

“பிளாஸ்டிக்ல உடம்பு செஞ்ச துவக்கு அண்ணே. எவ்வளவு காலம் தாங்கும்னு பாக்கப் போறாங்க.”

“அப்ப அதச் சொல்ல வேண்டியதுதான?”

பணிப்பாளர் நாயகத்தின் பேச்சு சூடு பிடித்திருந்தது. “நம்முடைய பழைய இரும்புத் துப்பாக்கிகள் துருப்பிடித்துச் சாகின்றன. இந்தப் புதிய வகைக்கு உடம்பு பிளாஸ்டிக், மேல்பாகம் மட்டும் உருக்கு. ஆயுள் முழுக்க உழைக்கும் என்கிறான் விற்கிறவன். யாருடைய ஆயுள்? இந்த வகை உலகத்துக்கு வந்தே நாற்பது சொச்சம் வருஷம்தான். ஐம்பதாவது வருஷத்தில் இது ஈரம் குடித்து ஊதுமா, வெடிக்குமா, உள்ளே பதித்த இரும்பு கழன்று வருமா, யாருக்கும் தெரியாது. ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு ஈரத்தை உண்டாக்க எவ்வளவு செலவு தெரியுமா? இங்கே நம் மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக இலவசமாகப் பேணி வருகிறார்கள். நாட்டின் சார்பில் அவர்களுக்குத் தலை வணங்குகிறேன்.”

தலை வணங்கினார். கைதட்டினார்கள்.

அதன் பிறகு பிரதாப் விதிகளை வாசித்தான். இந்த வீட்டின் கூரையை ஆய்வு முடியும்வரை யாரும் பழுதுபார்க்கக் கூடாது. ஒழுக்கு இப்போது அரசாங்கத்தின் கருவி. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போகக் கூடாது. ஆயுதத்தைத் தனியே விட்டால் மறியல்; சிறைக்குப் போக வேண்டும். லோரன்ஸ் கௌரவப் பாதுகாவலராக நியமிக்கப்படுகிறான். கடைசியாக, அவன் நெஞ்சில் பூசிக்கொள்ளும் தைலம் இனி இந்த அறைக்குள் கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

“அப்ப எங்க வச்சுப் பூசுறது?” என்று மரியாயி கேட்டாள்.

“வெளிய.”

“வெளிய மழ பேயுதே தம்பி.”

பிரதாப் கையிலிருந்த தாளைப் பார்த்தான். மழையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

*

ஆய்வு எத்தனை வருஷம் என்று லோரன்ஸ் ஒருநாள் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஐம்பது. அவன் வெகுநேரம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மரியாயி முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

புரட்டாசியில் அடைமழை பிடித்துக்கொண்டபோது, கட்டில் போட்டிருந்த மூலையும் ஒழுகத் தொடங்கியது. லோரன்ஸ் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் பிற்பகல் ஒரு பொலித்தீனைக் கூரைமேல் விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு இறங்கினான். அந்த வாரம் காற்றிலுள்ள ஈரத்தை அளக்க வந்தவர்கள் கருவியைத் தட்டிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

தோட்டத்து ஒபீசில் விசாரணை வைத்தார்கள். பெரிய துரை தன் நாற்காலியைப் பணிப்பாளர் நாயகத்துக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

“அறை காய்ந்திருக்கிறது,” என்றார் பணிப்பாளர் நாயகம். “இதற்கு நீ என்ன சொல்கிறாய்?”

“கட்டில்ல தண்ணி விழுந்துச்சு மாத்தயா. அதான்.”

“கட்டிலை நகர்த்தியிருக்கலாமே.”

“எங்கிட்டு நகத்துறது? துவக்கு நிக்கிற எடந்தான் பாக்கி.”

“பார், லோரன்ஸ். நீ காய்ந்த அறையில் இருந்தால் இந்தத் துப்பாக்கி ஐம்பது வருஷம் தாங்கும். ஆனால் நாம் அதை நம்ப முடியாது. நீ நனைந்து, அதுவும் நனைந்து, அப்போது அது தாங்கினால், அதுதான் விஞ்ஞானம். இந்த நாடு உன்னிடம் கேட்பது நனைவது மட்டும்தான்.”

பெரிய துரை ஆமோதித்துத் தலையசைத்தார். பொலித்தீன் சான்றுப்பொருளாக எடுத்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பும்போது லோரன்ஸ் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “நனையிறது மட்டும்தானாம் புள்ள,” என்றான். மரியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினாள்.

மார்கழியில் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வருகிறார் என்று சொன்னார்கள். லோரன்ஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். டொக்டர் வெள்ளைக் கையுறை மாட்டி, கூட்டைத் திறந்து, துப்பாக்கியைப் பஞ்சு மெத்தையில் கிடத்தி, ஒரு சின்னக் கருவியை அதன் பிடியிலும் கழுத்திலும் வைத்து வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். முடிந்ததும் லோரன்ஸ் அட்டையை நீட்டினான்.

“நான் பிளாஸ்டிக்குக்கு டொக்டர்ப்பா,” என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடு. “உள்ளுக்குள்ள வெடிப்பு விழுந்திருக்கான்னு கேக்குற கருவி இது.”

“அப்ப இங்க ஒரு தரம் வச்சுப் பாருங்க.”

டொக்டர் மென்மையானவர். மறுக்க முடியாமல் கருவியை லோரன்ஸின் நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு பக்கம் வைத்தார். அவர் முகம் மாறியது.

“வெடிப்பு இருக்கு,” என்றார். “ரெண்டு பக்கமும். ஆனா இது நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராது.”

துப்பாக்கி நல்ல தேகநிலையில் இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

*

அடுத்த வைகாசியில் மழை வேறு மாதிரி வந்தது. மூன்றாம் நாள் கானில் ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாகி, பிறகு திடீரென்று வற்றியது. மலை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். முற்பகலில் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்தார். மண் சரியப் போகிறது, எல்லோரும் உடனே பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்றார். சனங்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

மரியாயி பிரதாப்புக்குப் போன் போட்டாள்.

“தம்பி, மல வருதுன்னு சொல்றாங்க. நாங்க ஸ்கூலுக்குப் போறோம். துவக்க என்னா செய்றது?”

“இருங்கக்கா, கேட்டுச் சொல்றேன்.” கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது. “அக்கா, புள்ளைங்க இருக்கிற எடத்துக்கு ஆயுதம் கொண்டு போக ஏலாதாம். தனியா விட்டுட்டுப் போகவும் ஏலாதாம். எங்க பெரியவர் சொல்றாரு, இந்த மாதிரி மழ ஆய்வுக்கு இனி எப்பக் கெடைக்கும்னு…”

“கூட்டுச் சாவிய அனுப்புங்க. பொலிசுல குடுத்துர்றோம்.”

“சாவி கொழும்புலக்கா. ரோட்டுல வெள்ளம்.”

லோரன்ஸ் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “நீ போ,” என்றான். “ஸ்கூல்ல பொலிசு சார்ஜன் மாத்தயா நிப்பாரு. அவருகிட்ட வெவரத்தச் சொல்லு. விட்டுட்டு வரச் சொன்னா, ஒடனே வந்து கூப்புடு. எனக்கு மறியலுக்குப் போறதுக்கு நெஞ்சுல தெம்பு இல்ல.”

“ஒன்னய விட்டுட்டு நான் போகமாட்டேன்.”

“அப்ப ரெண்டு பேரும் இங்கயே குந்தியிருப்போமா? போ புள்ள. கேட்டுட்டு வா.”

அவள் தைலப் புட்டியை எடுத்து, விதியையும் மீறி, அவன் நெஞ்சில் பூசிவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டு ஜெயம்மா பாதி வழியில் நின்று அவளையும் சேர்த்துக்கொண்டாள்.

பாடசாலை வாசலில் சார்ஜன் நின்றிருந்தார். மரியாயி மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. “என்ன பைத்தியம் இது? மனுஷனக் கூட்டிட்டு வா. துவக்குக்கு நான் பொறுப்பு. யாராவது கேட்டா என் பேரச் சொல்லு!”

அது போதும். மரியாயி திரும்பி ஓடினாள். கோயில் திருப்பத்தில் ஏறும்போது, ஒரு லொறி நிறையக் கருங்கல்லைக் கொட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. கூடவே ஓடிவந்த ஜெயம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மேலே ரப்பர் மரங்கள் நின்றபடியே இறங்கி வந்தன. லயத்தின் இந்தக் கோடி அப்படியே நின்றது. அந்தக் கோடியில் தொங்கல் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது.

*

வேறு தோட்டங்களிலும் அன்று மண் சரிந்திருந்தது. அங்கெல்லாம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ராத்விலுக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. மண்ணுக்குள் அரசாங்க ஆயுதம் ஒன்று கிடக்கிறதல்லவா?

பணிப்பாளர் நாயகம் ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டின் வரைபடம் சபையிடம் இருந்தது. கூடு இருந்த சுவர் சிவப்புக் கோட்டால் குறிக்கப்பட்டிருந்தது. கட்டில் அதில் குறிக்கப்படவில்லை. மரியாயி மண்மேட்டோரம் நின்று, “அங்கிட்டு, கதவுப் பக்கம்! கட்டில் கதவுப் பக்கம்!” என்று கத்திக்கொண்டே இருந்தாள். இயந்திரம் ஓட்டிய றிஸாத் ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து ஒருவர் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

மதியத்துக்குள் கூடு கிடைத்தது. நசுங்கியிருந்தது. துப்பாக்கி நசுங்கவில்லை. அதைத் தண்ணீர் வாளியில் முக்கி, உலுக்கி, தோட்டா போட்டு, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார்கள். சுட்டது. மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் சுட்டது. குடை பிடித்து நின்றவர்கள் கைதட்டினார்கள். பணிப்பாளர் நாயகத்தின் கண் கலங்கியிருந்தது.

“ஐம்பது வருஷத்தில் தெரியவேண்டியது நமக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது,” என்றார். “ஒரு மலை இதன்மேல் விழுந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை! எலும்பும் சதையும் வைத்துச் செய்த சட்டகம் இதைத் தாங்குமா? தாங்காது. அதனால்தான் நாம் பல்பகுதியத்துக்கு மாறவேண்டும் என்கிறேன். பாதுகாவலரும் கடமை தவறாமல் கடைசிவரை ஆயுதத்தின் அருகிலேயே இருந்திருக்கிறார். அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

“அவர இன்னும் எடுக்கல மாத்தயா,” என்றாள் மரியாயி.

அவர் அவளை அன்போடு பார்த்தார். “அது வேறு திணைக்களம்,” என்றார்.

இயந்திரத்துக்கான உத்தரவு துப்பாக்கியோடு முடிந்தது. றிஸாத்திடமிருந்து அதன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஜீப்புகள் போன பிறகு அவன் மரியாயியிடம் வந்தான்.

“அக்கா, நான் தோண்டின மண்ணெல்லாம் கதவுப் பக்கந்தான் கொட்டினேன்,” என்றான். “அங்கதான் கொட்டச் சொன்னாங்க.”

அவன்தான் முதலில் மண்வெட்டியை எடுத்தான். லயத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து தோண்டினார்கள். சாயங்காலம் லோரன்ஸை எடுத்தார்கள். மண்ணைக் கழுவியபோது அவனிடமிருந்து தைல வாசனை வந்தது. இரத்தினபுரியிலிருந்து வந்து சேர்ந்த சரோன் அதை முகர்ந்துவிட்டுத்தான் அழுதாள். மரியாயி அழவில்லை. கோயிலில் பாதர் பூசை வைக்கும்போதும், பெட்டியை இறக்கும்போதும், அவள் காதில் அந்தக் கைதட்டல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

*

லயத்துச் சனங்களைப் பாடசாலை மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். தகரம் பழையது, ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. முதல் மழையிலேயே எல்லாக் கொட்டகையும் ஒழுகியது. கூரைத் தகடு கொடுக்க அமைச்சிலிருந்து கணக்கெடுக்க வருவார்கள் என்று செய்தி வந்தது. சனங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் பிரதாப் வந்தான். ஆய்வின் இரண்டாம் கட்டமாம். இந்தத் தடவை ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு பெட்டி நிறைய. ஒழுகுகிற வீடுகள் வேண்டுமாம். அவன் மெலிந்திருந்தான், யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. வேலையை விடலாமே என்று சரோன் கேட்டதற்கு, வீட்டில் தன் சம்பளம் ஒன்றுதான் என்றான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முதல் கொட்டகைக்குள் போனான். ஜெயம்மா தலையில் சொட்டு விழ விழ நின்றிருந்தாள்.

“அக்கா, ஒழுகுதா?”

“இல்லீங்களே.”

அடுத்த கொட்டகையிலும் இல்லை என்றார்கள். அதற்கடுத்ததிலும் இல்லை. கிழவர்கள் நனைந்த பாயில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்றார்கள். பிள்ளைகள் தரையில் தேங்கிய தண்ணீரில் காலை அளைந்துகொண்டு இல்லை என்றார்கள். கடைசியில் மரியாயியின் கொட்டகை. பிரதாப் உள்ளே வந்து நின்ற இடத்தில் ஒரு சொட்டு அவன் தோளில் விழுந்தது. அவன் நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“அக்கா…”

“ஒழுகலங்க தம்பி.”

“என் சட்ட நனையுதே.”

“அது வேர்வங்க.”

பிரதாப் பேனையை எடுத்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒழுக்கு இல்லை என்று எழுதினான். போகும்போது மரியாயியின் காலைத் தொடக் குனிந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

அந்தக் கணக்கு மேலே போனது. ஆய்வுச் சபை ஏமாற்றத்தோடு வேறு மாவட்டம் தேடிப் போய்விட்டது. ஆனால் அரசாங்கத்தில் ஒரு தாள் ஒரு இடத்திலேயே நிற்பதில்லை. அது அமைச்சுக்குப் போனது. மாகாணத்திலேயே ஒழுக்கில்லாத முதல் தோட்டம் ஸ்ட்ராத்வில் என்று அறிவித்தார்கள். கூரைத் தகட்டுக் கணக்கெடுப்பிலிருந்து தோட்டத்தை நீக்கினார்கள். சந்தியில் மூன்று மொழியிலும் பெரிய பெயர்ப்பலகை நட்டு, அமைச்சர் வந்து திரை நீக்கிவிட்டுப் போனார். தமிழில் அதை எழுதியவருக்குத் தமிழ் அரைகுறை.

மறுநாள் பால் வெட்டுக்குப் போகும் வழியில் ஜெயம்மா அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘ஒழுக்கமற்ற தோட்டம் உங்களை வரவேற்கிறது.’

“அடப் பாவிகளா! நம்மள என்னா எழுதி வச்சிருக்கான் பாருடி! வா, ஒபீசுக்குப் போய்க் கேப்போம்.”

மரியாயி பலகையை மேலும் கீழும் பார்த்தாள். பலகை நனையாமல் மேலே போட்டிருந்த சின்னக் கூரை புதுத் தகடு. ஒரு சொட்டு உள்ளே விழாது.

“வேணாம்,” என்றாள். “கேக்கப் போனா பாக்க வருவாங்க.”

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் மலையில் ஏறத் தொடங்கினாள்.